தடைக்காலத்துக் கரண்ட் பில்

ஏப்ரல் 16
பிரஷர் 150/90.

டாக்டர், நீங்கள் சொன்னபடி நோட்டு வாங்கிவிட்டேன். பிரஷரை எழுதுங்கள், மனசில் ஓடுவதையும் எழுதுங்கள் என்றீர்கள். மனசில் ஓடுவது கிடக்கட்டும். பேக்டரியில் ஒன்றும் ஓடவில்லை. நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் பதினான்கு வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் எவனுக்கு வேண்டும்? எங்கள் மாதா ஐஸ் பேக்டரியின் நான்கு கம்ப்ரசரும் படுத்துவிட்டன. கரண்ட் பில் மட்டும் படுக்காது. ஒரு யூனிட் ஓடாவிட்டாலும், இவ்வளவு மின்சாரம் எனக்கு வேண்டும் என்று மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்த அளவுக்கு டிமாண்ட் சார்ஜ் கட்டித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் என் நெஞ்சுக்குள் ஸ்டென்ட் வைத்த அதே வாரம், மீன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் ஒருவர் பேக்டரியை விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பில் கட்டியே சாகிற தொழிலை எதற்குக் கட்டி அழ வேண்டும்? என் மனைவி ரெக்சலின்தான் குறுக்கே நின்றாள்.

"ஜூன் வரைக்கும் நான் பாக்கேன். பில்லு குறையலன்னா நானே பேனாவ எடுத்துத் தாரேன், வித்துருங்க."

பி.எஸ்.சி. கணக்கு படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கணக்கெல்லாம் பால்காரரோடும் பிள்ளைகளின் டியூஷனோடும் முடிந்தது. அந்தக் கணக்கு வேறு, அம்மோனியா கம்ப்ரசர் வேறு என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு பேக்டரி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஏப்ரல் 18
பிரஷர் 140/90. புளிக்குழம்பில் உப்பில்லை. வேறு விசேஷமில்லை.

ஏப்ரல் 21
பிரஷர் 150/94.

இரண்டு வருடத்துக் கரண்ட் பில்களைக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறியைப் போடக்கூடாதாம், பறந்துவிடுமாம். கரண்ட் பில்லுக்காக வியர்வையில் குளித்தது இந்த ஊரிலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

"ஏங்க, இதக் கேளுங்க. மீட்டர் மாசம் பூரா நம்மளப் பாத்துக்கிட்டே இருக்கும். எந்த அரைமணி நேரத்துல ரொம்ப இழுத்தோமோ, அந்த ஒரு அரைமணியப் புடிச்சி வச்சுக்கிடும். மாசம் முழுக்க நோன்பு கெடந்தாலும் அந்த அரைமணி விருந்துக்குத்தான் டிமாண்ட் சார்ஜ்."

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றேன். உண்மையில் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பில் வந்தால் கடைசி வரியைப் பார்ப்பேன், திட்டுவேன், கட்டுவேன். என் அப்பாவும் அப்படித்தான்.

"போன வருஷம் ஜூன்ல ஒரு அரைமணி இருக்கு. மலை மாதிரி நிக்கி. அதுக்கு முந்தின வருஷமும் அதே ஜூன்தான். அந்த அளவுக்குத் தோதாத்தான் நாம எழுதிக் குடுத்து வச்சிருக்கோம். மத்த பதினொரு மாசமும் அவ்வளவு நமக்கு வேண்டாம்."

அது எந்த அரைமணி என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு போன் பண்ண வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22
பிரஷர் பார்த்தேன். எழுதவில்லை.

ஜூன் பதின்மூன்று அந்தோணியார் திருநாள். தடைக்காலம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, அன்றுதான் எங்கள் பேக்டரி கண் விழிக்கும். அப்பா தொடங்கி வைத்த வழக்கம். அந்தோணியார் படத்துக்கு மாலை போட்டு, ஜெபம் சொல்லி, நான்கு கம்ப்ரசரையும் ஒரே மூச்சில் ஓட விடுவோம். அந்தச் சத்தம் ஹார்பர் வரைக்கும் கேட்கும். மாதா ஐஸ் முழங்கிய பிறகுதான் படகுக்காரர்கள் வலையை ஏற்றுவார்கள் என்று அப்பா பெருமையடிப்பார். அப்பா போன பிறகு அந்த நான்கு சுவிட்சையும் வேறு யாரும் தொட்டதில்லை. ஒரு நாளும் ஓர் இரவும் நான்கும் நிற்காமல் ஓடும். அப்போதுதான் முதல் படகுகளுக்கு ஐஸ் தேறும்.

சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

ஏப்ரல் 28
பிரஷர் 144/90.

டிமாண்டைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பம். கையெழுத்து மட்டும் என்னுடையது. இனி இரண்டு கம்ப்ரசர் ஓடலாம், அதற்கு மேல் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். மீறினால் மீறிய அளவுக்கு இரண்டு மடங்கு தீட்டிவிடுவார்கள்.

"ரெண்டு மெஷின வச்சி சீசன எப்படி ஓட்டுவ? போட்டுக்காரன் சாயங்காலம் வந்து நிப்பான், எனக்கு இப்பமே ஐஸ் தான்னு."

"அதான் தப்பு. அவிய கேக்கும்போது நாம ஐஸ் செய்யக்கூடாது. செஞ்சு வச்சிருக்கணும். சாயங்காலம் உச்ச நேரம், யூனிட்டுக்குக் கூடுதல் ரேட்டு. அந்த நேரம் பாத்துத்தான் நீங்க மூணு மெஷின ஓட்டியிருக்கீய. ரெண்டையே பகல்ல விடாம ஓட்டி ஸ்டோர் ரூம நிறைச்சுட்டா போதும்."

ஸ்டோர் ரூமில் ஐஸ் வைத்து எத்தனையோ வருடமாகிறது. கிழிந்த வலை, உடைந்த ஐஸ் கேன்கள், அப்பாவின் பழைய காரிலிருந்து கழற்றிய இரண்டு கதவுகள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. சாயங்காலம் அந்தக் கார் கதவுகள் வண்டியேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. எங்கே வைக்க என்று போர்மேன் சகாயம் என்னைப் பார்க்கிறார். என் தலையில் வையும் என்றேன்.

மே 6
பிரஷர் 138/88.

இன்று வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். பெயர் ஸ்ரீவத்சன். சென்னையில் சோலார் மின்சாரம் விற்கிற கம்பெனி. நம் பக்கத்துக் கரிசல் காட்டில் பேனல் போட்டிருக்கிறார்கள். அதில் நாம் பங்கு எடுத்தால், அங்கே விளைகிற மின்சாரத்தை நம் பில்லில் கழித்துக்கொள்வார்கள். மின்வாரியத்து ரேட்டைவிட நன்றாகவே குறைவு. படம் படமாகக் காட்டினார். எனக்கே ஆசை வந்துவிட்டது.

ரெக்சலின் ஒப்பந்தத் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தாள். காப்பி ஆறியது. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் இப்படிப் படித்தால் எங்கேயோ முள் இருக்கிறது என்று முப்பது வருடக் குடித்தனம் எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

"தம்பி, வருஷம் பூரா நாங்க எடுத்தாலும் எடுக்காட்டாலும் பேசின யூனிட்டுக்குப் பணம் குடுக்கணும்னு போட்டிருக்கே?"

"ஸ்டாண்டர்டு கண்டிஷன் மேடம். எல்லாருக்கும் அப்படித்தான்."

"எல்லாரும் ஐஸ் பேக்டரியா வச்சிருக்காவ? ஏப்ரல் பாதியில இருந்து ஜூன் பாதி வரைக்கும் எங்களுக்கு அடுப்பே எரியாது. கொளுத்துத வெயிலு அப்பந்தான். உங்க பேனல் அப்பந்தான் அள்ளிக் குடுக்கும். அந்த ரெண்டு மாசம் உங்க சூரியன் லீவு எடுக்குமா?"

அந்தத் தம்பிக்குத் தடைக்காலம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளை. அந்த மாதங்களின் மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வேறு ஆள் கொண்டுவந்தால் சேர்த்து எழுதித் தருகிறோம், ஆளைப் பிடிக்க வேண்டியது நீங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவள் சிரித்துக்கொண்டே கேட்டாள், டாக்டர். நானாயிருந்தால் காப்பி சூடாக இருக்கும்போதே கையெழுத்துப் போட்டிருப்பேன். அப்படிப் போட்டிருந்தால் அடுத்த வருடம் உங்களுக்கு இன்னொரு ஸ்டென்ட் வேலை கிடைத்திருக்கும்.

மே 7
பிரஷர் 136/86. கோடைகாலத்தில் மும்முரமாக ஓடி, மழைக்காலத்தில் படுத்துக்கிடக்கிற தொழில் இந்த ஊரில் எது என்று கேட்டாள். பதநீர் என்றேன். முறைத்தாள்.

மே 13
பிரஷர் 164/100. மெய்யாகவே இதுதான்.

உப்பு. கோடையில் உப்பளத்தில் அள்ளுகிற உப்பை அரைக்கிற ஆலை. நம் தடைக்காலத்தில்தான் அவர்களுக்கு இடுப்பு ஒடிகிற வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் முங்கிவிடும், ஆலை சும்மா கிடக்கும். அப்போது அவர்கள் பங்கும் நமக்கு வரும். எவ்வளவு அழகான பொருத்தம்! இருபத்தைந்து வருடமாக உப்பு லாரிக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே பேக்டரிக்குப் போன எனக்கு இது தோன்றியதா? இல்லை.

பிரஷர் ஏறியது அதற்கல்ல. அவள் போய்ப் பேசிவிட்டு வந்த ஆலை தங்கப்பழத்தினுடையது.

எங்கள் பேக்டரிக்கு அடுத்த சுவர் தங்கப்பழம் உப்பு ஆலை. ஆறு வருடத்துக்கு முன்னால் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில், உம்ம உப்புத் தூசியால் என் கண்டென்சர் துருப்பிடிக்கிறது என்று சொன்னேன். மைக்கில் சொன்னேன். "உருகினா வெறும் தண்ணி, அதுக்கு இவ்வளவு திமிரா?" என்று அவர் கேட்டார். அவரும் மைக்கில்தான். அன்றோடு பேச்சு வார்த்தை கிடையாது. எனக்கு ஆபரேஷன் நடந்தபோது சங்கமே வந்து பார்த்தது, அவர் வரவில்லை.

"என்னைக் கேக்காம அவன் வாசப்படிய மிதிச்சியா?" என்று கத்தினேன்.

"கேட்டிருந்தா போகாதன்னு சொல்லியிருப்பீய. அதான் கேக்கல."



மே 14
பிரஷர் 140/90. சாப்பாட்டுத் தட்டு மட்டும் நேரத்துக்கு வந்தது. இன்றும் உப்பில்லை.

மே 19
பிரஷர் 132/84.

தங்கப்பழம் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை. ஸ்ரீவத்சன் தம்பி தாள்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். நானும் தங்கப்பழமும் எதிரெதிரே உட்கார்ந்து சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தோம்.

ரெக்சலின் இருவருக்கும் பொதுவாகப் பேசினாள். ஏப்ரலில் இருந்து ஜூன் வரை இவ்வளவு அவருக்கு, மழை மாதங்களில் இவ்வளவு நமக்கு, மற்ற நாளில் பாதிப்பாதி. பகலில் அவர் எந்த நேரம் அரைப்பார், நாம் எந்த நேரம் உறைய வைப்போம் என்பதுவரை மூன்று நாள் அவர் ஆலையில் உட்கார்ந்து பார்த்து வந்திருக்கிறாள். பேனல் சரியாக விளையாவிட்டால் நட்டம் கம்பெனியுடையது என்று ஒரு வரி கேட்டாள். தம்பி சென்னைக்கு போன் போட்டார். பிறகு இன்னொரு போன். மூன்றாவது போனில் அந்த வரி வந்துவிட்டது. எனக்குக் கை தட்டத் தோன்றியது. தங்கப்பழம் இருந்ததால் தட்டவில்லை.

கையெழுத்துப் போடுகிற நேரம் தங்கப்பழம் பேனாவைப் பிடித்தபடி நிறுத்தினார். வேலை கெட்டது என்று நினைத்தேன்.

"அமலதாசு, உம்ம கம்ப்ரசர் ரூம் பக்கம் நம்ம சுவர ஆறடி ஒசத்திக் கட்டியாச்சி. போன வருஷமே. தூசி இப்பம் அந்தப் பக்கம் வராது. நீரு கவனிக்கலியோ?"

நான் கவனிக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டு வருடக்கணக்காகிறது.

"ஆஸ்பத்திரிக்கு வந்தேன்வே. வாசல் வரைக்கும் வந்தேன். என்னப் பாத்து உமக்கு எகிறிருச்சின்னா பழி என் மேல விழுமேன்னு திரும்பிட்டேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டோம். ஜூலையிலிருந்து மின்சாரம் வரும். போகும்போது பையைக் கொடுத்தார். உள்ளே ஐந்து கிலோ உப்பு. டாக்டர், நீங்கள் விலக்கிய ஒரே பொருள். அதைத் தருகிற ஆளோடுதான் என் மனைவி என்னைச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 3
பிரஷர் 130/84.

மே மாத பில் வந்தது. டிமாண்டைக் குறைத்த பிறகு முதல் பில். கடைசி வரியைப் பார்த்தேன். வழக்கம்போல் திட்ட வாயைத் திறந்தேன், திட்ட ஒன்றுமில்லை. முழு பில்லையும் முதல் வரியிலிருந்து படித்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக.

எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர் போன் செய்தார். பதினைந்தாம் தேதி பத்திரத்தோடு வரலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? பேக்டரி நிற்கும். நான் இல்லாமலே நிற்கும் என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டாவது விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

ஜூன் 9
ஓடுகிறது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டது. எங்கள் வீட்டுக்கும் பேக்டரிக்கும் நடுவே இரண்டு தெரு. மற்றவர்களுக்கு அது ஒரு சத்தமே அல்ல. எனக்குக் கேட்கும். ஒன்றாம் நம்பர் கம்ப்ரசரும் மூன்றாம் நம்பரும். அந்தோணியார் திருநாளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து திருநாளுக்கு முன்னால் ஒரு பெல்ட் சுற்றியதில்லை.

மத்தியானம் சாப்பாட்டோடு வந்தாள். முகத்தைப் பார்த்தேன். எப்போதும்போல இருந்தாள். கத்தரிக்காய் பிஞ்சாகக் கிடைத்தது என்றாள். நல்லது என்றேன். முன்கூட்டியே ஐஸ் சேர்க்காவிட்டால் இரண்டு மெஷினால் முடியாது, அது எனக்கும் புரிகிறது. புரிந்தாலும் வலிக்கிறது. சொல்லிவிட்டாவது ஓட்டியிருக்கலாம்.

பிரஷர் பார்க்கவில்லை.

ஜூன் 10
பிரஷர் 128/82.

நீங்கள் நடக்கச் சொன்னீர்களே என்று நடந்தேன். நடை தானாகவே பேக்டரிப் பக்கம் போய்விட்டது. ரெக்சலின் பாங்குக்குப் போயிருந்தாள். பின்கேட் வழியாக உள்ளே போனேன். சகாயம் என்னைக் கண்டதும் திருடனைக் கண்டது போல முழித்தார்.

ஸ்டோர் ரூமைத் திறந்து காட்டினார். சுவர் முழுக்கப் புதிதாகத் தெர்மாகோல் பதித்து, தரையிலிருந்து தோள் உயரத்துக்குப் பாளம் பாளமாக ஐஸ். தடைக்காலத்தில் இந்த பேக்டரியில் ஐஸை நான் பார்த்ததே இல்லை. குளிர் முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது குளிரினால்தான்.

பிறகு கம்ப்ரசர் ரூமுக்குப் போனேன். சுவிட்ச் போர்டுக்கு மேலே அந்தோணியார் படம் இருக்கிற இடத்தில் ஒரு ஊதாத் துணி தொங்கியது. தவக்காலத்தில் கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை மூடிவைப்போமே, அதே ஊதா. ஓரம் மடித்துத் தைத்து, நான்கு மூலையிலும் நாடா வைத்துக் கட்டியிருந்தது.

"என்னவே இது?"

"அக்காதான் தச்சிக் கொண்டாந்தாவ. மெஷின் ஓடுதது அந்தோணியாருக்குத் தெரிய வேண்டாமாம். திருநாளன்னைக்குக் கண்ணத் தெறந்து பாக்கட்டும், அவருக்கு அன்னைக்குத்தான் தொடக்கம்னாவ. ஒங்களுக்கும் தெரிய வேண்டாம்னாவ அண்ணாச்சி."

சிரித்தேன். மூச்சு முட்டச் சிரித்தேன். சகாயம் பயந்துபோய் ஸ்டூல் எடுத்துப் போட்டார். கணக்குப் படித்தவள் அந்தோணியாரின் கண்ணைக் கட்டியிருக்கிறாள்! பில்லையும் குறைக்க வேண்டும், என் அப்பாவின் வழக்கமும் கெடக்கூடாது, என் நெஞ்சும் தாங்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து அவள் கண்டுபிடித்தது ஒரு முழம் துணி. இவளோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இவளைச் சரியாகப் பார்த்ததே இந்த இரண்டு மாதத்தில்தான் என்று தோன்றியது.

நான் வந்ததைச் சொல்லக்கூடாது என்று சகாயத்திடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பாவம், அவர் நெஞ்சு இப்போது இரண்டு ரகசியம் சுமக்கிறது. வெளியே வந்ததும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரருக்கு போன் செய்தேன். பேக்டரி விற்பனைக்கு இல்லை, ஐஸ் வேண்டுமானால் கேளுங்கள் என்றேன்.

ஜூன் 12
பிரஷர் 130/80.

முடிவு செய்துவிட்டேன். நாளைக்கு ஒரே ஒரு சுவிட்ச்தான் போடுவேன். நான்கையும் போட்டால் அவள் இவ்வளவு நாள் குறைத்ததெல்லாம் அந்த ஒரு அரைமணியில் போய்விடும். ஏன் ஒன்று என்று கூட்டத்தில் யாராவது கேட்டால், டாக்டர் சத்தம் ஆகாது என்றார் எனச் சொல்லிவிடுவேன். உங்கள் பெயரை இழுத்ததற்கு மன்னிக்கவும்.

ஜூன் 13
அந்தோணியார் திருநாள்.

காலையிலேயே கூட்டம். படகுக்காரர்கள், சங்கத்துக்காரர்கள், பங்குச் சாமியார். தங்கப்பழமும் வந்து முன்வரிசையில் நின்றார். ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷினையும் விடிகாலையிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். நான் உள்ளே போனபோது ரூம் சத்தமில்லாமல், எதுவும் நடக்காதது போல இருந்தது. படத்தின் மேல் துணி இல்லை. அந்தோணியார் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்சலின் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். பட்டுச்சேலை, இடுப்பில் சாவி.

மாலை போட்டோம். சாமியார் ஜெபம் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றாம் நம்பர் சுவிட்சைப் போட்டேன். மெஷின் முனகி, பிடித்து, ஓடியது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"மத்த மூணு?" என்று கேட்டாள் ரெக்சலின்.

"ஒண்ணு போதும். சத்தம் ஆகாதுன்னு டாக்டர்..."

"ஒரு டாக்டரும் சொல்லல. போடுங்க." என் பக்கம் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "மீட்டரு அரைமணிக்குச் சராசரிதான் பாக்கும். அஞ்சு நிமிஷம் நாலும் ஓடி, மிச்ச நேரம் ரெண்டு ஓடுனா எழுதிக் குடுத்த அளவத் தாண்டாது. விண்ணப்பம் எழுதும்போதே அத வச்சித்தான் எழுதினேன். அந்த அஞ்சு நிமிஷம் உங்களுக்கு."

ஏப்ரலிலேயே. நான் அவளோடு வாதாடிக்கொண்டிருந்த அந்த ஏப்ரலிலேயே எனக்காக ஐந்து நிமிடத்தை ஒதுக்கி வைத்துவிட்டாள். இரண்டு கம்ப்ரசருக்கு மேல் கொஞ்சம் என்று எழுதியிருந்தாளே, அந்தக் கொஞ்சம் நான்.

இரண்டைப் போட்டேன். மூன்றைப் போட்டேன். நான்கையும் போட்டேன். தரை அதிர்ந்தது. சாமியார் காதைப் பொத்தினார். தங்கப்பழம் "அடி சக்கை!" என்றார். ஹார்பர் பக்கமிருந்து ஒரு படகு ஹாரன் கொடுத்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம். அப்பா இருந்தால் அழுதிருப்பார். நான் அழுதேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உதட்டில் எண்ணிக்கை ஓடியது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் "நாலு" என்று முணுமுணுத்ததும் கையை நீட்டி இரண்டாம் நம்பரையும் நாலாம் நம்பரையும் நானே நிறுத்தினேன்.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கே?" என்றாள்.

"அது உனக்கு, வச்சுக்க" என்றேன்.